எந்த ஓகே?

கணவன் சொன்ன அந்த 'ஓகே'யை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டிருந்தாள். "வெளியூர்ல புதுசாக் கிளை திறக்கறாங்க. என்னைப் பொறுப்பாப் போடறாங்களாம். ரெண்டு வருஷம் அங்கேயே தங்கணும். போகட்டுமா?"

அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், "ஓகே" என்றான். கையைக் கழுவிக்கொண்டு நெசவாலைக்குக் கிளம்பிவிட்டான்.

அவள் ஆங்கிலம் பேசப் பயிற்சி கொடுப்பவள். அன்றைய வகுப்பிலும் அதே சொல்தான் வந்து மாட்டியது.

"படம் எப்படின்னு கேட்டு ஓகேன்னு சொன்னா, சுமார்னு அர்த்தம். கீழே விழுந்தவங்க ஓகேன்னா, அடி ஒண்ணும் படலைன்னு அர்த்தம். போன்ல ரெண்டு மூணு தடவை ஓகே ஓகேன்னா, ஆளை விடுப்பான்னு அர்த்தம்."

வகுப்பு சிரித்தது. "அப்ப எது எதுன்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கறது?" என்றார் முன்வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரர்.

"அந்தச் சொல்லையே முறைச்சுப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் வந்ததுன்னு பாருங்க, தானாப் புரிஞ்சிடும்."

சொல்லிவிட்டாளே தவிர, தன் வீட்டுக் கேள்வியை எத்தனை தரம் புரட்டிப் பார்த்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. போகாதே என்றால் இருந்துவிடுவாள். நானும் வருகிறேன் என்றால் துள்ளிக் குதிப்பாள். வெறும் ஓகே என்றால் என்ன செய்வாள்?

மத்தியானம் தங்கையிடம் போனில் புலம்பினாள்.

"மாமா நல்ல மனசோட அனுப்பறார். அதுக்கும் அழுவியா நீ?"

"ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போறேன்னாலே முகத்தைத் தூக்கி வச்சுப்பாருடி. ரெண்டு வருஷத்துக்குச் சண்டையாவது போட வேண்டாமா?"

"சரி, நீ போன் பண்ணா எடுக்கறாரா?"

"முன்னெல்லாம் எடுப்பார். இப்ப எதுன்னாலும் மெசேஜ்தான்."

தங்கையின் குரல் இறங்கியது. "அக்கா, தப்பா நினைக்காதே. மனுஷன் திடீர்னு மெசேஜுக்கு மாறினா, அந்தப் பக்கம் எவளோ ஒருத்தி இருக்கான்னு அர்த்தம்."

"வாயைக் கழுவுடி!" என்று போனை வைத்தாள். ஆனால் அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்துவிட்டது. இப்போதெல்லாம் அவன் டிவிகூடப் பார்ப்பதில்லை; போனைக் குனிந்து பார்த்தபடியே இருக்கிறான்.

மறுநாள் காலை அவளை வகுப்பில் விடுவதற்காக வண்டியை எடுத்தான். பின்னால் உட்கார்ந்தவள், ரோஷத்தை ஓரங்கட்டிவிட்டு அவன் தோளருகே குனிந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்னு கேக்கறாங்க. நான் போயிட்டா உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"ஓகே, ஓகே" என்று தலையை ஆட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

அது போனை வைக்கும்போது சொல்கிற ஓகே. ஆளை விடு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கட்டிலில் போட்டுப் புடவைகளை அடுக்கினாள். வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. எழுந்து விளக்கைப் போடவும் மனம் வரவில்லை. பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். பெட்டியைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை.

"போறேன்னு சொல்லிட்டேன்" என்றாள் இருட்டைப் பார்த்து. "ஆனா இப்பக்கூட மாத்திக்கலாம். போகாதேன்னு சொல்லுங்க, இருந்துடறேன். இல்ல, உங்களுக்கு வேற யாராவது இருந்தா, அதையாவது சொல்லித் தொலைங்க."



"ஓகே" என்றான் அவன்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

அவன் பதறி ஓடிவந்தான். "ஏன்? என்ன ஆச்சு? என்ன சொன்னே?"

"இன்னும் எத்தனை தடவை கேக்கணும் நான்? எல்லாத்துக்கும் ஓகேன்னா என்னங்க அர்த்தம்?"

அவன் அவள் கைகளை விலக்கி, முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினான். அவள் தட்டிவிட்டாள். மறுபடியும் திருப்பினான்.

"மில்லுல யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றான். "லைட்டைப் போடு. உன் உதடு தெரிஞ்சாத்தான் நீ பேசறது எனக்குப் புரியும்."