டவுன் ஹால் கேட்ட மராமத்து

கட்டடங்களையும் சட்டப்படி ஆட்களாக ஏற்றுக்கொண்ட பிறகு, வெள்ளைக்காரன் காலத்து டவுன் ஹாலில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் அதன் சம்மதத்தைக் கேட்டாக வேண்டும். இந்த வருட மராமத்துக்கு முன்பு ஓவர்சியர் ஜெபராஜ், "உமக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டார். ஒழுகும் கூரையைப் பற்றியோ நின்றுபோன மணிக்கூண்டைப் பற்றியோ அது வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு வேலைதான் சொன்னது.

மறுவாரம் துப்புரவுப் பணியாளர் முப்பிடாதி விளக்குமாறோடு வந்தபோது பின்வாசலைக் காணோம். அங்கே ஈரம் காயாத புதுச்சுவர் நின்றது. அவள் மாமியார் காலத்திலிருந்தே துப்புரவு ஆட்களுக்கு அதுதான் வழி. யாரும் தடுக்காத இந்தக் காலத்திலும் முன்வாசலை அவள் மிதித்ததில்லை.

"நான் எப்படி சார் உள்ள போறது?" என்றாள் ஜெபராஜிடம்.

"அதான் முன்வாசல் கெடக்குல்லா, யக்கா."

முணுமுணுத்துக்கொண்டே சுற்றி வந்தாள். பெரிய வளைவுக்குக் கீழே பதினோரு கருங்கல் படிகள். முதல் படியில் செருப்பைக் கழற்றக் குனிந்தாள்.

"போட்டுக்கிட்டே வாங்க," என்றது கட்டடம். "எல்லாரும் அப்படித்தான் வாராங்க."

"அந்த மண்ணையும் நாந்தான கூட்டணும்," என்று சொல்லிக்கொண்டே முப்பிடாதி செருப்போடு ஏறினாள்.