இன்னும் கொஞ்சம் கீழே

"இன்னும் கொஞ்சம் இறக்கு தாதாங்."

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ரிமோட் கார் கடை வைத்திருக்கும் தாதாங், அந்தக் குட்டிக் காரை மேஜைமேல் வைத்துக் காட்டினான். "இதுக்கு மேல இறக்கினா அடிவயிறு தரையில உரசும்ண்ணே. ஓடவே ஓடாது."

"ஓடாட்டிப் போகுது. நீ இறக்கு."

"போன வாரம் ஒரு அக்காவும் இப்படித்தான் அடம்பிடிச்சாங்க. உங்களுக்கெல்லாம் என்னதான் ஆச்சு?"

முணுமுணுத்தபடியே குட்டை ஸ்பிரிங்கை மாட்டினான். கார் வாங்க வந்த யாயாத், சட்டைப்பையிலிருந்து அளவு குறித்த ஒரு காகிதத் துண்டை எடுத்தார். காரின் அடியை அளக்கவில்லை, அதன் கூரை உயரத்தை அளந்தார். "இப்ப சரி!"

வீட்டில் மனைவி இமாஸ் சோயாவில் செய்த தெம்பே பொரித்துக்கொண்டிருந்தாள். 'இனி ஒரு கார் உள்ள வந்துச்சு, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்' என்று போன மாதம்தான் சொல்லியிருந்தாள்.

யாயாத் பூனைபோல் படுக்கையறைக்குள் போய், காரைப் பீரோவுக்கு அடியில் தள்ளினார். கச்சிதமாக நுழைந்த கார், டக்கென்று எதிலோ மோதி நின்றது.

குனிந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தார். உள்ளே சிவப்பாக இன்னொரு புதுக் கார். அதே குட்டை ஸ்பிரிங். அதே தாதாங் கடை ஸ்டிக்கர்.

சமையலறையிலிருந்து பதறிக்கொண்டு குரல் வந்தது.

"ஏங்க, பீரோவுக்கு அடியில கைய விட்டுடாதீங்க, எலி இருக்கு!"