நாலு மணி நாடகம்

“தம்பி, டிவி பாக்ஸ்ல இருந்த ஆப் எல்லாம் காணாமப் போச்சுப்பா. கொஞ்சம் வந்து போட்டுக் குடேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. கேட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டு ராசம்மா ரிமோட்டும் கையுமாக நின்றிருந்தாள்.

கனகராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரத்தில் இந்த ஒரு நாள்தான் அவனுக்கு லீவு. மற்ற ஆறு நாளும் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் எல்லைப் பாலத்தில் ஜாம் ஆவதற்குள் வேலைக்குச் சிங்கப்பூர் போய்ச் சேர முடியும்.

அவன் அசந்து தூங்கும் நாலு மணிக்குத்தான் ராசம்மா வீட்டில் நாடகம் ஆரம்பிக்கும். பெர்மாஸ் ஜெயாவில் அந்த வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் மாமியார் மருமகளைத் திட்டினால் இந்தப் பக்கம் கட்டில் அதிரும். ஆறு மாதமாக இந்தக் கூத்து.

“விடியக்காலையில எந்த மனுஷியாவது நாடகம் பாப்பாளா?” என்று மனைவி லோஷினியிடம் புலம்புவான்.

“நேராப் போய்ச் சொல்லுங்கலா,” என்பாள் அவள். நைட் ஷிப்ட் முடித்து ஏழரைக்கு வீடு வருகிறவளுக்குப் படுக்க இடம் கிடைத்தால் போதும்.

வியாழக்கிழமையோடு சத்தம் நின்றது. பாக்ஸ் தானாக அப்டேட் ஆகி எல்லாவற்றையும் அழித்துவிட்டதாம். அந்தப் புண்ணியம் செய்த பாக்ஸுக்குக் கனகராஜ் ஒரு கும்பிடு போட்டான்.

என்ன பிரயோசனம்? வெள்ளி, சனி இரண்டு நாளும் ஐந்தரைக்குத்தான் கண் விழித்தான். அலாரம் அடித்ததே தெரியவில்லை. இன்னொரு நாள் லேட்டானால் வேலை பெர்மிட் கேன்சல் என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பெர்மிட் போனால் பிழைப்பு போச்சு.

ஆறு மாதமாகக் கெட்டுப்போன தூக்கம் மொத்தமாக வந்து அமுக்கிவிட்டது, வேறென்ன. அதற்கும் ராசம்மாவைத்தான் திட்டினான், மனதுக்குள்.

இப்போது அதே நாடகத்தை அவன் கையாலேயே போட்டுக் கொடுக்க வேண்டுமாம்!

போனான். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ராசம்மா புருஷனை இழந்தவள், தனிக்கட்டை. மார்க்கெட் பக்கம் வடைக்கடை போட்டிருக்கிறாள். ஹாலில் அந்தப் பொதுச் சுவரை ஒட்டியே டிவி இருந்தது.

ஆப் ஸ்டோர் ஈமெயிலைக் கேட்டது. காலண்டர் பின்னால் எழுதி வைத்திருந்த பாஸ்வேர்டை அவள் படிக்க, ரிமோட்டில் நகர்த்தி நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாக அமுக்கினான். ஓர் எழுத்து தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாவது தடவைதான் உள்ளே விட்டது. அதற்குள் அவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது.

நாடக ஆப் இறங்க ஆரம்பித்தது. பத்து சதவீதம். இருபது.

“இரு தம்பி, டீ போடுறேன்,” என்று சமையலறைக்குப் போனவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். “சத்தம் மட்டும் முன்ன மாதிரியே நல்லா வரணும்பா. கொறைஞ்சிறக் கூடாது.”

அவ்வளவுதான். கனகராஜின் விரல் தானாகவே கேன்சலை அமுக்கியது. பாக்ஸின் வயரையும் பிடுங்கிவிட்டான்.

டீயும் வடையுமாக வந்தவளிடம், “பாக்ஸ் ரோசாக் ஆயிருச்சுக்கா. உள்ளயே கெட்டுப்போச்சு. இனிமே ஒண்ணும் ஏறாது,” என்றான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

“அலமாக்!” ராசம்மா தட்டை அப்படியே கீழே வைத்தாள். “இன்னைக்குக் கடை தொறந்திருக்குமா? நாளைக்கு விடியறதுக்குள்ள வேற பாக்ஸ் மாட்டிறலாமா தம்பி?”

அவனுக்கு அடக்க முடியவில்லை. “ஏங்க்கா, ரெண்டு நாளு நாடகம் பாக்கலன்னா உயிரா போயிரும்?”

“நாடகமா?” ராசம்மா அலுப்போடு நாற்காலியில் உட்கார்ந்தாள். “மூணு மணியிலேர்ந்து பின்னால அடுப்படியில மாவாட்டிக்கிட்டு நிக்கிறேன். அதுல யாரு மாமியாரு, யாரு மருமகள்னுகூட எனக்குத் தெரியாது.”

“அப்புறம் எதுக்கு அவ்ளோ சத்தமா வைக்கிறீங்க?”

ராசம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“ஆறு மாசத்துக்கு முந்தி ஒரு நாளு, லேட்டாயிருச்சுன்னு சட்டைகூட ஒழுங்காப் போடாம ஓடினியே, பாத்தேன். தெனமும் நாலு மணிக்கு உன் போன் அடிக்குது. அதுவா ஓயுது. நீ அசையறதில்ல. லோஷினியும் வேலையில இருக்கு. நான் தனியா இருக்கிறவ, அந்நேரத்துல ஆம்பள மட்டும் இருக்கிற வீட்டுக் கதவத் தட்டினா இந்தத் தாமான்ல அக்கம்பக்கத்து வீட்டுல என்னென்ன பேசுவாங்க? அதான், உன் பைக்கு கெளம்புற வரைக்கும் டிவியக் கத்த விடுறேன்.”

கையிலிருந்த ரிமோட்டைக் கனகராஜ் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

கெட்டுப்போச்சென்று அவன் சொன்ன பாக்ஸை அவள் கவலையோடு பார்த்தாள்.

“ரெண்டு நாளும் நீ லேட்டாத்தான் போனே. நாளைக்கு உன்ன யாருப்பா எழுப்புறது?”