கடைசி ரேங்க் வாட்ச்

"இதுதானா சார் வாங்கினீங்க?"

டப்பாவைத் திறந்தபடியே கேட்டாள் கேஷியர்.

"இதே போதும்மா." வாட்ச் சார் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆபீஸில் அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. புதிதாக யார் சேர்ந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன்னாலேயே மணிக்கட்டைப் பார்ப்பார். ரோலக்ஸுக்கு எந்த இடம், ஒமேகாவை ஏன் அதற்கு மேலே வைக்கிறார், சீக்கோவை ஏன் லேசாக நினைக்கக் கூடாது என்று சாப்பாட்டு நேரம் முழுக்க ரேங்க் போடுவார். வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு கேஷியருக்குக் காது புளித்துவிட்டது.

"முடியைப் பிடுங்குற ஸ்பிரிங் செயின் வாட்சுக்கெல்லாம் ரேங்கே கிடையாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஆமா. போனாப் போகுதுன்னு கடைசி ரேங்க் தரலாம்."

"அப்புறம் எப்படி சார் ஸ்டோர் கீப்பருக்கு இதை வாங்கினீங்க? ரிடயர் ஆகிறவருக்குன்னு எல்லாரும் மனசாரக் கொடுத்த பணம். பாதி அப்படியே மிச்சம்."

"அவருக்கு இதுதாம்மா சரியா இருக்கும். விடுங்க."

அந்த 'அவருக்கு' சுருக்கென்று தைத்தது. மேனேஜர் ரிடயர் ஆனபோது கடை கடையாக ஏறி இறங்கி சுவிஸ் வாட்ச் எடுத்தவர் இவர். காலமெல்லாம் மூட்டைகளோடு மல்லுக்கட்டிய ஸ்டோர் கீப்பருக்கு மட்டும் இது போதுமாம்.

மாசக் கடைசி. கணக்கு முடித்த அசதி, கால் வேறு வீங்கியிருந்தது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை. சாயங்காலம் பில்லோடு கடைக்குப் போய், மிச்சப் பணத்தையும் போட்டு, வாட்ச் சாரே வாயாரப் புகழ்கிற சீக்கோவாகப் பார்த்து மாற்றிக்கொண்டாள். பளபளவென்று லெதர் ஸ்ட்ராப், சின்னதாக அழகான பக்கிள்.

மறுநாள் பிரிவுபசார விழா. பரிசு வாட்சை மேடையிலேயே கட்டிக்கொண்டுதான் பேச வேண்டும், அது அந்த ஆபீஸ் வழக்கம்.

டப்பாவைத் திறந்ததும் ஸ்டோர் கீப்பர் முகம் மாறியது. சந்தோஷத்தில் திக்குமுக்காடுகிறார் என்று நினைத்தாள் கேஷியர்.

அவர் ஸ்ட்ராப்பைச் சுற்றினார். பக்கிள் முள் துளையில் இறங்கவில்லை. மறுபடி முயன்றார், நழுவியது. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. கைதட்டல் ஓய்ந்து ஹாலே அவரைப் பார்த்தது. அவருக்கு வியர்த்துவிட்டது.

வாட்ச் சார் திடுதிப்பென்று மேடையேறினார்.

"அதுல கை வைக்காதீங்க. இந்த மாதிரி வாட்சை எப்படிக் கட்டறதுன்னு தெரியாம ஸ்ட்ராப்பைக் கெடுத்துடுவீங்க. கொண்டாங்க, நான் கட்டறேன்."

"மனுஷனுக்கு வாட்ச் பைத்தியம் முத்திடுச்சுப்பா," என்றார் யாரோ. கூட்டம் சிரித்தது. ஸ்டோர் கீப்பரும் சேர்ந்து சிரித்தார். கேஷியருக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. போகிற நாளில்கூடவா ஒருத்தரை மட்டம் தட்ட வேண்டும்?

விழா முடிந்ததும் வாட்ச் சார் அவள் மேஜைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று அவள் தயாரானாள். அவரோ ஓய்ந்துபோய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கை நடுக்கம்மா அவருக்கு. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ரொம்ப நாளா பாக்கெட்லயே கையை வச்சுக்கிட்டுத் திரியறார். நான் மணிக்கட்டையே பாக்கறவனாச்சே, கண்ணுல பட்டுடுச்சு."

அவள் கணக்கு நோட்டை மூடி வைத்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"அவரே மறைக்கிறதை நான் எப்படிம்மா சொல்றது? அந்த ஸ்பிரிங் செயின்னா கையை நுழைச்சா போதும்..."

அவர் எழுந்துகொண்டார்.

"இன்னைக்கு நான் கட்டி விட்டுட்டேன். தனிக்கட்டை மனுஷன், நாளைக்குக் காலைல யாரும்மா கட்டி விடுவாங்க?"