வடகத்தில் எண்ணெய்

தாம்பரத்து வானத்தில் அன்று கான்கார்டு பறந்தது, ஸ்பிட்ஃபயர் குட்டிக்கரணம் அடித்தது. வருடாந்திர விமானக் கண்காட்சி; எல்லாமே வானத்தில் காட்டும் வெறும் ஒளி உருவங்கள். இரைச்சலைக்கூட அவரவர் வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆனாலும் செல்வின் மொட்டை மாடியில் அண்ணாந்து நின்றார். பழைய விமானம் என்றால் அவருக்குப் பைத்தியம். இந்தத் தடவை ஒன்றாவது நிஜமாக வரும் என்று வருடா வருடம் சொல்வார்.

"வந்தா எனக்கும் சொல்லுங்க" என்று நிமிராமலே கூழ் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள் மனைவி ஜெயசீலி.

பழைய டகோட்டா விமானம் ஒன்று வீட்டு மேலே தாழ்வாகத் தடதடத்துப் போனது. இதுவும் ஒளிதானே என்று பக்கத்து மாடிக்காரர் கொட்டாவி விட்டார்.

"ஏங்க, வடகத்துல யாரு எண்ணெய ஊத்துனது? இன்னும் பொரிக்கவே இல்லயே!"

வெள்ளை வேட்டியில் பிழிந்திருந்த வடகத்தின் மேல் கறுப்பாக நாலைந்து சொட்டு. செல்வின் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இன்ஜின் ஆயில், சீலி! ஒளி ஒழுகுமா? இது நிஜ டகோட்டா!"

வடகம் பாழான கோபத்தில் வாயைத் திறந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அப்போ உள்ள ஆளு இருக்கா?"

"இருக்காங்க."

விமானம் வட்டமடித்து, ஒரு பக்கம் சாய்ந்தபடி ஓடுபாதையை நோக்கி இறங்கியது. அதுவரை எந்த விமானத்தையும் ஏறிட்டுப் பார்க்காதவள், மாவுக் கையோடு கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்தினாள்:

"பாத்து இறங்குப்பா!"