இந்தப் பக்கம் திறக்காது

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் மனைவியின் போனைக் கையில் எடுத்தான்.

இப்போதெல்லாம் அவள் குளித்துவிட்டு வர அரைமணி நேரம் ஆகிறது. நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.

அதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பதாவது மாடியில் தொங்கிக்கொண்டு கை நடுங்காமல் போல்ட் முடுக்குகிறவன். இந்தக் கையகலக் கண்ணாடியில் அவன் விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

நோயின் பெயரைப் பெரிய டாக்டர் அவனிடம் மட்டும்தான் சொன்னார். போன வெள்ளிக்கிழமை, அவளை ஸ்கேன் அறைக்கு அனுப்பிவிட்டு. குணமாகாது, ஆனால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டு வருஷம் ஓட்டலாம் என்றார்.

வெளியே வந்தவளிடம், வெறும் வயிற்றுப்புண் என்று சொல்லிவிட்டான். அவளும் சரியென்று தலையாட்டினாள்.

ஆனால் அவள் லேசுப்பட்டவள் இல்லை. எதையும் துருவித் துருவிப் பார்க்கிற ஆள். மாத்திரை அட்டையிலுள்ள பெயரை நெட்டில் தட்டினால் போதும், குட்டு உடைந்துவிடும்.

அலுவலகக் கம்ப்யூட்டரில் தேடி, அந்த நோயைப் பற்றிச் சொல்லும் தளங்களின் முகவரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தான். பதினொன்று இருந்தன. எதையும் அவன் படிக்கவில்லை. படிக்கத் தெம்பில்லை.

அவள் போனில் தளங்களைத் தடுக்கும் செயலியை இறக்கினான். பதினொன்றையும் எழுத்து எழுத்தாகச் சேர்த்தான். ஒன்றைத் திறந்து பார்த்தான். ‘இந்தப் பக்கம் திறக்காது’ என்று வந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அடுத்தது, ஹாஸ்டலுக்குப் போன மகள் விட்டுச்சென்ற டேப்லெட். அதில் இரண்டு பிரவுசர்கள். ஒன்றில் அடைத்தால் மற்றதில் ஜம்மென்று திறந்தது. அதையும் அடைத்தான்.

பழைய லேப்டாப்பில் வேறு வழி. அதற்கும் ஒரு வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். முடிக்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கடைசியாகத் தன் போன். மகளோடு பேச அவள் சில சமயம் இதைத்தான் எடுப்பாள்.

அதே செயலியை இறக்கப் போனான். ஏற்கெனவே இருக்கிறது என்றது போன்.

திறந்தால் ரகசிய எண் கேட்டது. அவன் எந்த எண்ணும் வைத்ததில்லை.

மகளின் பிறந்த தேதியைத் தட்டினான். திறந்துகொண்டது.

உள்ளே நீளமாக ஒரு பட்டியல். அவன் எழுதி வந்த பதினொன்றும் அதில் இருந்தன. இன்னும் பத்துப் பன்னிரண்டு கூடுதலாக இருந்தன. நோயின் பெயரும் தனியாக, எழுத்துப்பிழை இல்லாமல் சேர்க்கப்பட்டிருந்தது.

சேர்த்த தேதியைப் பார்த்தான். போன மாதம் ஒன்பது. டாக்டர் அவனிடம் வாய் திறப்பதற்கு ஒரு மாதம் முன்னால்.

இந்த ஒரு வாரமாக அந்த நோயைப் பற்றி எதைத் தேடினாலும் அவன் போனில் வரவில்லை. லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது என்று விட்டுவிட்டு, அலுவலகக் கம்ப்யூட்டரைத் தேடிப் போயிருந்தான்.

பட்டியலின் அடியில் ஒரு கட்டுரையின் தலைப்பு முழுதாகத் தெரிந்தது.

‘கடைசி மூன்று மாதங்கள்: வீட்டில் இருப்பவர்களுக்கு.’

அவனிடம் இரண்டு வருஷம் என்று டாக்டரைச் சொல்ல வைத்தது யார் என்று அவனுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பட்டியலில் எதையும் நீக்காமல் செயலியை மூடினான். அவள் போனையும் லேப்டாப்பையும் டேப்லெட்டையும் இருந்த இடத்தில் வைத்தான். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

“என்னங்க, காலங்காத்தால போனோட மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க?”

“நெட்டு சரியாவே வரமாட்டேங்குது.”

அவள் அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

“வரலைன்னா விடுங்க. அதுல அப்படி என்ன இருக்கு பாக்கறதுக்கு?” என்று சொல்லி, அவன் கையிலிருந்து போனை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, அவனருகில் உட்கார்ந்தாள்.