தூக்குமேடைக் கோணி

ஒரு ஜெயிலில் தூக்குமேடைக்குக் கீழே ஒரு கோணியும் ஒரு கயிறும் கிடந்தன. சாகப்போகிறவனின் எடைக்குக் கோணியில் மணல் நிரப்பி, அதைத்தான் முதலில் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். கயிறு அறுந்து ஆள் பிழைத்துவிட்டால் யார் பதில் சொல்வது?

அன்று ஒரு கொலைக் கைதிக்காக வார்டர் கோதண்டம் அறுபத்திரண்டு கிலோ மணலை அள்ளிப் போட்டார். "இவனோட சரி. இதுக்கப்புறம் எவனுக்கும் கொலை பண்ணத் துணிச்சல் வராது," என்றார்.

கோணிக்கு மனசு லேசானது. இது முடிந்தால் நெல் மூட்டையாகப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது.

கருணை மனு தள்ளுபடியானது. அவன் சாப்பிடுவதை விட்டுவிட்டான். தினமும் அவனை நிறுத்துப் பார்த்து, குறைந்த அளவுக்குக் கோதண்டம் மணலை வெளியே அள்ளினார்.

"நாப்பத்தெட்டுக்கு வந்துட்டான் தம்பி. இப்படியே குறைஞ்சு ஒண்ணுமில்லாமப் போயிட்டா விட்டுடுவாங்களா?" என்றது கோணி.

"இல்லண்ணே. எடை குறைஞ்சா என்னை இன்னும் நீளமா விடுவாங்க, அவ்வளவுதான்," என்றது கயிறு.

வெள்ளிக்கிழமை கோணி தொங்கியது. சனிக்கிழமை அவன் தொங்கினான். கோதண்டம் மணலை முற்றத்தில் கொட்டிவிட்டு, கோணியை உதறிக் கொடியில் போட்டார். அது நெல்லுக்காகக் காத்திருந்தது.

இரண்டே மாதத்தில் அதே மணலை மறுபடியும் அள்ளிக்கொண்டு வந்தார் கோதண்டம்.

"அவனைப் பார்த்து யாரும் பயப்படலையா அண்ணே?" என்று கேட்டது கயிறு.

பதில் சொல்லக் கோணி வாயைத் திறந்தது. கோதண்டம் அதில் மணலைக் கொட்டினார்.

"இவனோட சரி," என்றார்.